அப்பாவுக்கு, குளூஜிலிருந்து

குளூஜ், ருமேனியா
நவம்பர் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்களும் அம்மாவும் ஆச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"இயேசுவை தேவன் இல்லை என்கிறவர்கள் கோயிலிலா போய் உட்கார்ந்தாய்?" என்று போனில் கேட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கி, சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் பின்னாலிருந்து போட்ட சத்தம் மட்டும் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நான் எங்கேயும் மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரப் பாட்டிக்குத் துணையாகப் போனேன், அவ்வளவுதான். தெருவெல்லாம் உறைந்து வழுக்கியது. எழுபத்தெட்டு வயதுக்காரரைத் தனியே அனுப்ப மனசு வரவில்லை.

ரொட்டி ஆலையில் எனக்கு இப்போது ராத்திரி ஷிப்டு. பத்து மணிக்குப் போனால் காலை ஆறு மணி. உள்ளே அடுப்புச் சூட்டில் வியர்த்துக்கொட்டும். வெளியே வந்தால் காது விறைத்துவிடும். ஏஜென்ட் சொன்ன சம்பளம் வேறு, இங்கே வாங்குவது வேறு என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் வீடு நன்றாக அமைந்தது. இந்த ஊருக்கு மூன்று பெயர். ருமேனியர்களுக்குக் குளூஜ், ஹங்கேரிக்காரர்களுக்குக் கொலொஷ்வார், ஜெர்மானியர்களுக்குக் கிளவுசன்பர்க். பாட்டி ஹங்கேரிக்காரர். ஐடியில் வேலை பார்க்கும் பேரன் வரும் நாள்களில் அவன் மொழிபெயர்ப்பான், நாங்கள் பேசுவோம். மற்ற நாள்களில் சைகைதான்.

சமையலறைச் சுவரில் சிவப்பு நூலால் எழுத்துப் பின்னிய ஒரு துணி தொங்குகிறது. 'எஜ் அஸ் இஷ்தென்' என்று படிக்க வேண்டுமாம். கடவுள் ஒருவரே என்று பொருள். "நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்" என்றேன். பாட்டி சிரித்துவிட்டு என்னவோ சொன்னார். பேரன் கொஞ்சம் தயங்கித்தான் மொழிபெயர்த்தான்: "நீங்கள் மூன்று வரை எண்ணிவிட்டு ஒன்று என்கிறீர்கள்." பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் சபை இவர்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கோயில் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள் அல்லவா? வெள்ளைச் சுவர். படம், சுரூபம் எதுவும் இல்லை. ஆர்கன் உண்டு, நம் ஊரைவிட நீளமான பிரசங்கம் உண்டு. கர்த்தருடைய ஜெபம் சொன்னபோது பாஷை தெரியாமலே எந்த வரியில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன். இவர்கள் கிராமங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்களாம். ஆச்சியிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

அந்தக் கோயிலில் ஒரு பெரிய உருண்டைப் பாறாங்கல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பெரென்ஸ் டாவிட் என்பவர் அதன்மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தாராம், கேட்ட ஊரே அன்று அவர் பக்கம் சாய்ந்ததாம். ஊரே என்பது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். எந்தச் சபையிலும் ஆரம்பக் கதை அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மனிதர் நிஜம். இதே ஊரில் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவாக இருந்து லுத்தரன் ஆனார், பிறகு கால்வின் என்ற சீர்திருத்தக்காரர் வழிக்கு வந்து அங்கேயும் பிஷப் ஆனார். நம் ஊராக இருந்தால் சபைமாறி என்று பெயர் வைத்திருப்போம். வேதத்தில் இல்லாததையெல்லாம் தள்ள வேண்டும் என்றுதானே சீர்திருத்தம் தொடங்கியது, அப்படியானால் திரித்துவம் என்ற சொல் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இயேசு தேவனால் அனுப்பப்பட்ட மனிதர், தேவன் பிதா ஒருவரே என்பதில் போய் நின்றார்.

இது அரியுஸ் சொன்னதல்ல அப்பா. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினீர்கள். 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் தள்ளப்பட்ட அரியுஸ் இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. உலகத்துக்கு முன்பே பிதாவினால் படைக்கப்பட்டவர், ஆனால் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்றார். நாம் 'ஜோதியில் ஜோதி' என்றும், உண்டாக்கப்பட்டவர் அல்ல என்றும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்வது அவருக்குப் பதில். டாவிட் அவரையும் தாண்டிப் போனவர்.

இதற்காக உயிர் போன காலம் அது. 1553இல் ஜெனீவாவில், திரித்துவத்தை மறுத்த செர்வேத்து என்பவரை உயிரோடு எரித்தார்கள். தீயில் நின்று அவர் கூப்பிட்டது "நித்திய தேவனுடைய குமாரனாகிய இயேசுவே" என்று. அதையே "தேவனுடைய நித்திய குமாரனே" என்று மாற்றிச் சொல்லியிருந்தால் அவர்களுக்குப் போதுமாம். 'நித்திய' என்ற ஒரு சொல் எங்கே நிற்கிறது என்பதுதான் பிரச்சினை. பேரன் இதைச் சொன்ன ராத்திரி, ஆலையில் மாவுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே இரண்டு வாக்கியத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

இங்கே மட்டும் வேறு மாதிரி நடந்தது. குளூஜிலிருந்து முப்பது கிலோமீட்டரில் தூர்தா என்ற ஊர். உப்புச் சுரங்கத்தைப் பார்க்க ரூம்காரர்களோடு போனேனே, அதே ஊர். 1568 ஜனவரியில் அங்கே கூடிய நாட்டுமன்றம், போதகர்கள் தங்களுக்கு விளங்கியபடி சுவிசேஷம் சொல்லலாம், ஜனங்களுக்குப் பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏனென்றால் விசுவாசம் தேவனுடைய ஈவு என்று சட்டம் போட்டது. அதே வருஷம் மார்ச்சில் அப்போது இந்தப் பகுதியை ஆண்ட அரசர் ஜான் சிகிஸ்மண்ட் முன்னிலையில் பத்து நாள் வாதம். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்குமாம். கடைசியில் அரசரே டாவிட் பக்கம் வந்தார். உலக வரலாற்றில் யூனிடேரியன் அரசர் அவர் ஒருவர்தான். பாட்டி இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். சட்டம் எல்லாருக்கும் சமமாக இல்லை என்பதையும் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு சபைகளுக்கு அங்கீகாரம். இங்கே ஏராளமாக இருந்த ருமேனிய ஆர்த்தடாக்ஸ் ஜனங்கள் அந்த நான்கில் இல்லை. அதைக் கேட்டபோது பாட்டி எழுந்துபோய்த் தேநீர் போட ஆரம்பித்தார்.

அரசர் 1571இல் இறந்தார். அடுத்து வந்தவர்கள் கத்தோலிக்கர்கள். இருக்கிற நான்கு சபைகளும் இருக்கலாம், புதிதாக எதையும் நுழைக்கக் கூடாது என்றார்கள். டாவிட் சும்மா இருக்கவில்லை. இயேசு மனிதர் என்றால் அவரை நோக்கி ஜெபிப்பது எப்படிச் சரியாகும், பிதாவிடம் மட்டுமே ஜெபிக்க வேண்டும் என்றார். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் ஒழுங்காக யோசித்தால் அவர் சொன்னது அவர் வழியில் சரியான அடுத்த படிதானே? அவரைக் காட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? பியான்ட்ராட்டா என்ற இத்தாலிய அரண்மனை வைத்தியர். கூடவே நின்று இந்தச் சபையை வளர்த்தவர். டாவிட் மனத்தை மாற்ற சொசீனி என்ற இன்னொரு இத்தாலியரை வரவழைத்து டாவிட் வீட்டிலேயே தங்க வைத்தார். நடக்கவில்லை. பிறகு பியான்ட்ராட்டாவே டாவிட்மேல் வழக்குத் தொடுத்தார். டேவா கோட்டைச் சிறையில் 1579 நவம்பர் 15 அன்று டாவிட் இறந்தார். போன வாரம் அந்த நாள் வந்தபோது பாட்டி மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்தார். நான் ஷிப்டுக்குக் கிளம்பும்வரை எரிந்துகொண்டிருந்தது.

நான் அவரிடம் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று யோவானை எடுத்தேன். "தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனும் இல்லை" என்று இயேசுவே சொன்னதை மாற்குவில் காட்டினார். "என் ஆண்டவரே, என் தேவனே" என்று தோமா சொன்னாரே என்றேன், எங்கள் பரங்கிமலையில் ரத்தம் சிந்தியவர் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது அப்பா. ஞாயிறு பள்ளியில் நமக்கு ஒரு பக்கத்தைத்தான் மனப்பாடம் செய்யவைத்தார்கள். நான் இன்னும் இயேசுவைப் பார்த்துத்தான் ஜெபிக்கிறேன். வேலை கிடைக்காத அந்த எட்டு மாதம் யாரைக் கூப்பிட்டேனோ அவரை இன்றைக்கு மனிதர் மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பாட்டி இயேசுவைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. பிதாவின் மகிமை வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்று பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம்தான், உங்களிடம் பார்த்தது.

இன்னொன்று. இது வெள்ளைக்காரர் சங்கதி என்று சொல்லிவிடாதீர்கள். திருவேங்கடம் என்று பிறந்து, இங்கிலாந்து போய்வந்து, வில்லியம் ராபர்ட்ஸ் ஆன ஒரு தமிழர் 1795லேயே மெட்ராஸில் யூனிடேரியன் சபை தொடங்கியிருக்கிறார். புரசைவாக்கத்தில் கோயில். இதையும் பேரன்தான் சொன்னான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த தடவை அக்கா வீட்டுக்குச் சென்னை போகும்போது ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்.

கிறிஸ்துமஸுக்குப் பாட்டி சொந்தக் கிராமத்துக்குப் போகிறார். வருஷத்தில் நான்கு தடவைதான் இவர்களுக்கு அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜனம், அதில் ஒன்று கிறிஸ்துமஸ். நினைவுகூர்தல், அதற்குமேல் ஒன்றுமில்லை என்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார். வருகிறேன், உட்கார்ந்திருப்பேன், ஆனால் எழுந்து வந்து வாங்கமாட்டேன் என்றேன். சரி என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துப் பார்த்து, பந்திக்கு ரொட்டி கொடுப்பது இந்தத் தடவை எங்கள் வீட்டு முறை, ரொட்டி ஆலையில்தானே வேலை, மாவாவது பிசைந்து கொடு என்றார்.

பிசையலாமா அப்பா? சேகரத்துப் போதகர் ஐயரிடம் கேட்க வேண்டாம். நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

பணம் ஐந்தாம் தேதி அனுப்புகிறேன்.

உங்கள் மகன்