“பிள்ளையை விட்டிட்டு வா” என்று சொல்லாதீர்கள்: புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் மகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாய் எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து மேல்மாடியும் வாசிகசாலையும் உங்கள் காசில் எழும்பியவை. அந்த நன்றி எப்போதும் உண்டு. இந்த மடலில் நான் காசு கேட்கவில்லை.

வேலை தேடி வெளிநாடு போக நினைக்கும் தனித் தாய்மார் எங்கள் பக்கம் நிறையப் பேர். கணவனைப் போரில் இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார், என்னைப் போலக் கணவன் வெளிநாட்டில் வேறு குடும்பமாகிவிட இங்கே தனித்துப்போனவர்கள். போன் எடுத்து உங்களிடம் யோசனை கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “பிள்ளையை அம்மாவோட விட்டிட்டு முதல்ல நீ வா, பிறகு கூப்பிடலாம்.” நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒருவர் போய் மற்றவர்களை எடுத்த காலத்தைப் பார்த்தவர்கள் நீங்கள். ஆனால் இன்றைக்கு அந்த யோசனையை நம்பிப் போகும் தாய், பிள்ளையை எடுக்கவே முடியாமல் போகலாம்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2024 மார்ச் 11 முதல், முதியோரையும் நோயாளரையும் பராமரிக்கும் கெயார் வேலை விசாவில் புதிதாகப் போகிறவர் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது, பிறகு கூப்பிடவும் முடியாது. 2025 ஜூலை 22 உடன் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இனி யாராவது ‘கெயார் விசா’ என்று காசு கேட்டால் அது ஏமாற்று என்பதை நீங்கள் சொன்னால்தான் இங்கே எடுபடும். ஏஜென்சிக்காரர் காணி உறுதியை ஈடு வைக்கச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை யாரும் கேட்பதில்லை, லண்டன் மாமா சொன்னால் கேட்பார்கள்.

கனடாக் கதை இன்னும் ஆபத்து. “தனி ஆள் என்று போடு, கெதியாகக் கிடைக்கும்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் பிள்ளையை மறைத்தால், பிறகு அந்தப் பிள்ளையை ஸ்பொன்சர் பண்ண அந்த நாட்டுச் சட்டம் பொதுவாக விடாது. 2019 இல் சிலருக்குத் தளர்வு வந்ததுதான். அதை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்க்கையை வைத்துப் பார்க்க முடியுமா? வங்கிக் கணக்கில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணம்கூட, பிள்ளை கூட வராவிட்டாலும் அவளையும் ஓர் ஆளாகச் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. விட்டிட்டுப் போவதால் மிச்சப்படுவது ஒன்றுமில்லை.

சரி, பிள்ளையோடு நேர்வழியில் போகலாம் என்று தொடங்கினால் முதல் தடை தகப்பனின் கையெழுத்து. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கவே தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். கனடாவுக்கு என்றால், கூட வராத தகப்பன் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரமோ பிள்ளை தாயின் பொறுப்பில் என்ற நீதிமன்றக் கட்டளையோ வேண்டும். காணாமல் போனவரின் மனைவிக்கு, இறப்புச் சான்றிதழ் எடுக்காமலே அவர் காணாமல் போயிருக்கிறார் என்று சான்றிதழ் எடுக்க 2016 இல் ஒரு வழி வந்தது. உயிரோடு இருந்தும் பதில் சொல்லாத மனிதருக்கு என்ன சான்றிதழ் எடுப்பது? வழக்குப் போட்டுக் கட்டளை எடுக்க வருடக்கணக்கில் இழுபடும். அதற்குள், புள்ளி பார்த்து ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வயதுக்கான புள்ளி 30 இலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறைந்து 45 இல் இல்லாமல் போகிறது. ஐஈஎல்ட்ஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேற்றுக்கும் இரண்டு வருடம்தான் ஆயுள்.

அந்தத் தகப்பன்மாரில் பலர் உங்கள் ஊர்களில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஒன்றுகூடலுக்கு வருகிறார்கள், அவர்களை உங்களுக்குத் தெரியும். எங்கள் போனை எடுக்காதவர் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்து கேட்டால் மறுக்கத் தயங்குவார். அவரை எங்களோடு சேர்த்து வைக்கச் சொல்லவில்லை, பழைய கணக்குத் தீர்க்கவும் கேட்கவில்லை. தன் பிள்ளைக்காக ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், போதும்.

போய் இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தொழிற்சாலைச் சிப்ட் விடியற்காலையில் தொடங்கும், பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் டேகெயார் அதற்குப் பிறகுதான் திறக்கும். இரண்டு பேர் உழைக்கும் வீட்டில் ஒருவர் காலை, மற்றவர் இரவு என்று சமாளிக்கலாம். ஒருத்தியால் முடியாது. கனடாவில் அரசு உதவியோடு கட்டணம் குறைந்த டேகெயார்களில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஆகவே வேலை எது என்பதற்கு முன்னால், பிள்ளையைக் காலையில் யார் பார்ப்பார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. முதல் சில மாதங்களுக்கு நியாயமான வாடகைக்கு ஒரு பேஸ்மென்ட் அறையும், மேல்வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மம்மாவும் இருந்தால் அந்தத் தாய் நின்றுபிடிப்பாள். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் அப்படி வீடுகள் இருப்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இங்கே எங்களைக் கேள்வி கேட்க ஆக்கள் நிறைய. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்கும் குடும்பப் பின்னணி அறிக்கை 2013 இல் வந்தபோது, 5 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது என்றார்கள். 2022 இல் அதை 2 வயதாகக் குறைத்தார்கள். தகப்பன்மார் போனபோது பிள்ளையை யார் பார்ப்பது என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை. நீங்களும் அந்தக் கேள்வியோடு நின்றுவிடாமல், பதிலில் ஒரு பங்கெடுக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். ஒவ்வொரு நகரத்திலும் விசா விதிகளைச் சரியாகத் தெரிந்த ஒருவரையும், தகப்பன்மாரிடம் போய்க் கதைக்கக்கூடிய ஒருவரையும் நியமித்து, அவர்களின் தொலைபேசி இலக்கங்களை எங்கள் வாசிகசாலைப் பலகையில் ஒட்டச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மகளோடு சேர்ந்தே போக நினைக்கும் ஒரு தாய்,
யாழ்ப்பாணம்.