பிணை மறுத்தால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொலை, போதைப்பொருள் போன்ற கடுமையான வழக்குகளில் கைதானவர்களுக்குப் பிணையே தரக் கூடாது என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அமர்வு நீதிமன்றம் ஒன்றில் சிரஸ்தாராக (அலுவலகத் தலைமை ஊழியராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதற்கு ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

பிணை மனுவில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வதில்லை. அவர் தலைமறைவாகிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, முன்வழக்குகள் உண்டா, குற்றத்தின் தன்மை என்ன என்பவற்றையே நீதிபதி பார்க்கிறார். 'கடும் ஆட்சேபம்' என்று அரசு வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்துக்கொண்ட நாட்களில் மனு ஏற்கப்பட்டுப் பிணை கிடைத்ததையும், இன்ன சாட்சியிடம் இன்னும் வாக்குமூலம் பெறவில்லை, ஆயுதம் இன்னும் கைப்பற்றப்படவில்லை என்று காவல் ஆய்வாளரின் அறிக்கையைப் பிரித்துக் காட்டிய நாட்களில் மனு தள்ளுபடியானதையும் நான் பார்த்திருக்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் 2021 அக்டோபரில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட வழக்கை எடுத்துக்கொள்ளலாம். அப்போதைய மத்திய இணையமைச்சரின் மகனுக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் அளித்த பிணையை, பாதிக்கப்பட்டோர் தரப்பு முறையாகக் கேட்கப்படவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களால், உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ரத்து செய்தது. ஆனால் 208 சாட்சிகளை விசாரித்து முடிக்க ஐந்தாண்டுகள் ஆகலாம் என்று விசாரணை நீதிமன்றம் தெரிவித்த பிறகு, 2023 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் தங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவருக்கு இடைக்காலப் பிணை அளித்தது. முதலில் ரத்து செய்ததும் சரி, பிறகு அளித்ததும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது; இடைப்பட்ட காலத்தில் விசாரணை நகராததுதான் தவறு.

20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சா வழக்கிலும், பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்கிலும், மனுதாரர் குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதி கருதினால்தான் பொதுவாகப் பிணை கிடைக்கும். இத்தகைய கடும் நிபந்தனையும் விசாரணைத் தாமதமும் ஒன்றாக இருக்க முடியாது என்று செந்தில் பாலாஜி வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினைந்து மாதச் சிறைவாசத்துக்குப் பிறகு அவர் வெளியே வந்தார். வந்த சில நாட்களில் மீண்டும் அமைச்சரானதும், சாட்சிகளின் அச்சம் குறித்து நீதிமன்றம் கேள்வி எழுப்பியதும், 2025 ஏப்ரலில் அவர் பதவி விலகியதும் தனிக்கதை. பிணை கொடுத்த பிறகும் நீதிமன்றத்தின் கண் அந்த வழக்கின் மேல் இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

நான் பணியில் இருந்தபோது, ஒரு கொலை வழக்கில் இறந்தவரின் தகப்பனாரும் கைதானவரின் தாயாரும் ஒரே நாளில் அலுவலகக் கவுண்டருக்கு வந்து, "அடுத்த வாய்தா எப்பய்யா?" என்று தனித்தனியே கேட்டது நினைவிருக்கிறது. இருவரில் யாரும் பிணையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆகவே, 'குற்றத்தின் தன்மையைக் கருத்தில் கொண்டு மனு தள்ளுபடி செய்யப்படுகிறது' என்ற வழக்கமான வரியோடு உத்தரவு முடியக் கூடாது. சாட்சிகள் எத்தனை பேர், சாட்சி விசாரணை எந்த மாதம் தொடங்கும், தொடங்காவிட்டால் மனுவை எப்போது புதுப்பிக்கலாம் என்பவற்றையும் அதிலேயே குறிப்பிட உயர் நீதிமன்றம் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
திருநெல்வேலி.