கேள்வி கேட்கிற ஃபேக்டரி

அன்புள்ள முரளி,

பதில் போடாததற்கு நீ திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் நலம், மகளுக்குத் தேர்வு முடிந்தது, என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குடும்பச் செய்தி இவ்வளவுதான். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு.

வாத்தியாருடைய மீன் தொட்டிக்கு ஹீட்டர் கண்ட்ரோலர் செய்து தருகிறோம் என்று நாம் இருவரும் வாய் விட்டோமே, அதற்கான சர்க்யூட் போர்டை வரைந்து முடித்துவிட்டேன். (இருவரும் என்று எழுதுகிறேன். வரைந்தது யார் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.) கிகேட்டில் (போர்டு வரையும் சாஃப்ட்வேர்) டிஆர்சி, அதாவது வரைவு விதிச் சோதனை, ஓட்டினால் ஒரு பிழையும் இல்லை. கெர்பர் (ஃபேக்டரிக்குக் கொடுக்கும் வரைபட ஃபைல்), டிரில் ஃபைல் எல்லாம் ஜிப் செய்து தயாராக இருக்கிறது. எந்த ஃபேக்டரிக்கு அனுப்புவது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இதற்கு இவ்வளவு யோசனையா என்று கேட்காதே. மல்டிமீட்டர் வாங்க நீ ஒரு வருஷம் யோசித்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எது மலிவோ அதில் போடு என்பது உன் சித்தாந்தம். சரி, கணக்குப் பார்த்தேன். சீனாவில் இருக்கும் ஜேஎல்சிபிசிபி, பிசிபிவே இரண்டிலும் 100க்கு 100 மி.மீ. அளவுக்குள் அடங்கும் இரண்டு லேயர் (இரு பக்கமும் செப்பு) போர்டு கிட்டத்தட்ட இனாம் மாதிரிதான். குறைந்தது 5 போர்டு எடுக்க வேண்டும். ஆனால் முதல் பக்கத்தில் தெரிகிற விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. கூரியரைச் சேர்த்தால் பல சமயம் போர்டை விட அதுதான் அதிகம், அதற்கு மேல் கஸ்டம்ஸ். 100 மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டினாலும் விலை தாவுகிறது. அதனால் நம் போர்டை இழுத்துச் சுருக்கி ஒரு பக்கத்தை 96க்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

உன் மச்சான் வழக்கம்போல ஓஎஸ்எச் பார்க் (அமெரிக்க போர்டு கம்பெனி) புராணம் பாடினார். ஊதா நிற போர்டு, பாகங்களைச் சோல்டர் செய்யும் பேட் எல்லாம் தங்கப் பூச்சு, பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. அங்கே பரப்பளவுக்குத்தான் விலை, மூன்று மூன்றாகத் தருவார்கள். கட்டைவிரல் அளவு சென்சார் போர்டு என்றால் நானே அங்கே போயிருப்பேன். ரிலே, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் உட்காரும் இந்த போர்டுக்குக் கட்டுப்படியாகாது. இருந்தாலும் தங்கப் பூச்சு விஷயத்தில் அவர் சொல்வது சரி. நம் கண்ட்ரோலர் சிப்புக்குக் காலுக்குக் கால் 0.5 மி.மீ.தான். ஈயம் பூசி வெப்பக் காற்றால் வழித்த பேட்கள் மேடும் பள்ளமுமாக வரும், அதன் மேல் அந்தச் சிப்பைச் சமமாக உட்கார வைப்பது பெரும்பாடு. ஆகவே எங்கே போட்டாலும் எனிக் ஃபினிஷ்தான், அதாவது அந்தத் தங்கப் பூச்சுதான். இதில் கஞ்சத்தனம் பண்ணாதே.

இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

பழைய பவர் சப்ளை போர்டு நினைவிருக்கிறதா? மெயின்ஸ் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி விட்டு, அதற்குள் 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம் (போர்டை ஊடுருவும் நீளத் துளை) வெட்டச் சொல்லி வரைந்திருந்தேன். போர்டு வந்தது. பளபளவென்று, எழுத்தெல்லாம் கூர்மையாக, ஆனால் பள்ளம் இல்லாமல். அதே ஜிப்பை வேறொரு கெர்பர் வியூவரில் திறந்தால் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. கேட்டு எழுதினேன். தேவையில்லாத கோடு என்று நினைத்து எடுத்துவிட்டார்களாம், அடுத்த ஆர்டருக்குக் கூப்பன் தருகிறார்களாம்! எடுப்பதற்கு முன் ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை. எலக்ட்ரிக்கல் டெஸ்ட் பாஸ் என்று முத்திரை வேறு. அந்த டெஸ்டில் ஊசி தொட்டுப் பார்ப்பது இணைப்பு அறுந்திருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று மட்டும்தான். இல்லாத பள்ளத்தை எந்த ஊசி கண்டுபிடிக்கும்?

ஒரு பள்ளத்துக்கா இவ்வளவு கூச்சல் என்பாய். காற்றில் 6 மி.மீ. தாராளம்தான். போர்டின் மேற்பரப்பு வேறு. தூசு படியும், அதன் மேல் ஈரம் ஏறும், நாளாக நாளாக மின்சாரம் அந்த அழுக்கின் மேல் ஊர்ந்து வழி உண்டாக்கிக்கொள்ளும். பள்ளம் இருந்தால் அது சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இப்போது வாத்தியாரை யோசித்துப் பார். நம் பெயரை மறந்துவிடுகிறார், ஒவ்வொரு மீனுக்கும் வைத்த பெயரை மறப்பதில்லை. நாள் முழுக்க ஈரக் கையோடுதான் அந்தத் தொட்டிப் பக்கம் நிற்கிறார். சென்சார் ஒயர் தண்ணீருக்குள் போகிறது. அவர் கை வைக்கப் போகிற பொருளை, வரைபடத்தைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுகிற இடத்தில் செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை முரளி. தொட்டிக்கு இஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்திருக்கிறாரா என்று அடுத்த முறை போகும்போது நீ பார்த்துவிட்டு வா. இதை மட்டும் மறக்காதே.

அதனால் இந்தத் தடவை வேறு மாதிரி தேர்ந்தெடுத்தேன். விலைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு, சில ஃபேக்டரிகளுக்கு ஒரே கேள்வியை அனுப்பினேன்: 1 மி.மீ. பள்ளத்தை எந்த லேயரில் வரைய வேண்டும், வெட்டப்பட்டிருக்கிறது என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது? ஒரு இடத்திலிருந்து நன்றி, எங்கள் சேவைகள் இவை என்று பட்டியல் வந்தது. இன்னொரு இடத்தில் படம் கேட்டார்கள். அனுப்பினேன். அவுட்லைன் (போர்டின் வெளிக்கோடு) லேயரிலேயே மூடிய கோடாக வரையுங்கள், வெட்டும் பிட் வட்டமானது என்பதால் மூலைகள் உருண்டுதான் வரும், 1 மி.மீ. எங்கள் எல்லை, முடிந்தால் 1.2 ஆக்குங்கள் என்று பதில். ஆக்கிவிட்டேன். போதாததற்கு, ஏதோ ரெஸிஸ்டரின் பேட் பள்ளத்தை ஒட்டி இருக்கிறதே, தெரிந்துதான் வைத்தீர்களா என்று அவர்களாகவே கேட்டார்கள். எனக்குக் கைகூப்பலாம் போல இருந்தது. பெயரை இப்போது எழுத மாட்டேன், உடனே தள்ளுபடிக் கூப்பன் தேட உட்கார்ந்துவிடுவாய்.

இன்னொன்றும் கவனித்தேன். சில ஃபேக்டரிகளில், அவர்கள் திருத்திய ஃபைலை நமக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே தயாரிக்கும்படி ஆர்டர் படிவத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும், ஆகட்டும். சிப்பின் கால்களுக்கு நடுவே மெல்லிசாகச் சோல்டர் மாஸ்க் (ஈயம் ஒட்டாமல் தடுக்கும் நிறப் பூச்சு) விட்டிருக்கிறோமே, அதையும் சொல்லாமல் நீக்கிவிடுவது உண்டு, அப்புறம் காலுக்குக் கால் ஈயம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கறுப்பிலும் வெள்ளையிலும் அந்த மாஸ்க் இன்னும் அகலமாக இருந்தால்தான் நிற்கும் என்று பல இடங்களில் விதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே உன் கறுப்பு ஆசையை இத்துடன் விட்டுவிடு. பச்சைதான். ட்ரேஸும் (செப்புக் கோடுகள்) கண்ணுக்குத் தெரியும், நம் கண் இருக்கிற லட்சணத்துக்கு.

சோல்டரிங்கையும் அவர்களிடமே விடலாமே என்று போன தடவை கேட்டிருந்தாய். வேண்டாம். ஒவ்வொரு பாகமும் அவர்கள் ஸ்டாக்கில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் நாம் சூடு வைத்து முடித்துவிடலாம். ரிலேயும் டெர்மினலும் எப்படியும் கையால்தான்.

ஜிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிகேட்டில் திறக்காதே, வேறு வியூவரில் திறந்து பள்ளம் தெரிகிறதா என்று பார். ரிலே ஃபுட்பிரிண்டை (கால்களுக்கான துளை அமைப்பு) அதே அளவில் காகிதத்தில் அச்சடித்து, உன்னிடம் இருக்கிற ரிலேயைக் குத்திப் பார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவில்லை என்றால் நானே ஆர்டர் போட்டுவிடுவேன், போர்டில் உன் பெயரும் இருக்காது.

அன்புடன்,
ரகு