864 அணுக்களும் ஒரு ஹைதராபாத்காரரும்

ஆசிரியருக்கு,

கணினி வழி அறிவியல் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். இயற்பியலாளர் அனீசுர் ரஹ்மானை மட்டும் மறந்துவிடுகிறோம். எனக்கு அது பெரிய ஆதங்கம். 1927இல் ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, அப்புறம் அமெரிக்காவில் சிகாகோ அருகேயுள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போனவர்.

1964இல் அவர் செய்த வேலையைப் பாருங்கள். கணினிக்குள் ஆர்கான் என்ற வாயுவின் 864 அணுக்கள், எல்லாம் கணக்காக மட்டும். ஒவ்வொன்றையும் மற்றவை எவ்வளவு இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று கணக்கிட்டு, இம்மியளவு நகர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து கணக்கிட வேண்டும். இப்படியே போய்க் கிடைத்த விடை, நிஜமான திரவ ஆர்கானில் அளந்ததோடு நன்றாகவே ஒத்துப்போனது! 1971இல் ஃபிராங்க் ஸ்டில்லிங்கர் என்ற அறிவியலாளருடன் சேர்ந்து தண்ணீரையும் இப்படி ஆராய்ந்தார். மருந்து மூலக்கூறு புரதத்தில் எப்படி ஒட்டும் என்று இன்று பார்ப்பதும் இந்த வழியில்தான்.

கடைசியில் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியரானார், 1987இல் மறைந்தார். அமெரிக்க இயற்பியல் கழகம் அவர் பெயரில் பரிசே வழங்குகிறது. நம் பல்கலைக்கழகங்கள் அந்த 864 அணுக் கணக்கை முதுகலை மாணவர்களுக்கு ஆய்வகப் பயிற்சியாக வைக்க வேண்டும். சாதாரண மடிக்கணினியே போதும்.

– இயற்பியல் ஆசிரியர், மதுரை