மிஷினை நிறுத்திய படங்கள்

உறையூர்,
ஐப்பசி கடைசி

அன்புள்ள செல்வி,

உன் மகள் போன் பண்ணியிருந்தாள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், கட்டுப் பிரித்தாயிற்றாம், சொட்டு மருந்து நேரம் தவறாமல் விடவேண்டுமாம், கொஞ்ச நாளைக்கு டிவியும் போனும் கூடாதாம். கடைசியில் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதே. ராத்திரி இரண்டு மணி வரை போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கொலைக்கதை பார்க்கிறவளைச் சும்மா படு என்றால் எப்படிப் படுப்பாய்? போனில் பேசலாம் என்றால் நடுவில் யாராவது அளவு ஜாக்கெட்டோடு வந்து நிற்கிறார்கள். அதனால்தான் கடிதம். உன் மகள் படித்துக் காட்டட்டும். ஒரே மூச்சில் வேண்டாம், தினம் கொஞ்சம் படித்து 'தொடரும்' போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். தீபாவளித் தையலில் மூன்று வாரம் தூக்கமே இல்லை. அவ்வளவுதான் வீட்டுச் சமாச்சாரம். இனிமேல் படக்கதை.

நான் படம் பார்க்கிற லட்சணம் உனக்குத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்துக்காக மிஷினை ஒரு சுவரோரம் போட்டிருக்கிறேன், டிவி எதிர்ச் சுவரில். தைக்க உட்கார்ந்தால் டிவிக்கு என் முதுகுதான் தெரியும். ஹெம்மிங் பண்ணும்போதும் கொக்கி வைக்கும்போதும் திரும்பி உட்கார்ந்து பார்ப்பேன், மற்ற நேரம் காதால் கேட்பதுதான். பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போது அதுவும் கிடையாது. வருஷக்கணக்காக இப்படியே பார்த்ததில் எனக்கென்று ஒரு இஞ்ச் டேப் கிடைத்துவிட்டது. நல்ல இடம் வந்தால் கால் தானாகப் பெடலை விட்டு இறங்கிவிடும். மிஷின் நின்றால் நல்ல படம், ஓடிக்கொண்டே இருந்தால் சுமார். நட்சத்திரம் போடுகிறவர்களெல்லாம் இதைவிட என்ன கண்டுபிடித்துவிடுகிறார்கள்?

அதிக நாள் என் மிஷினை நிறுத்தியது எது தெரியுமா? 'எதிர்நீச்சல்' சீரியல். நீ முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. கேள். 2022 பிப்ரவரியில் ஆரம்பித்தார்கள். படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் பூட்டிவைக்கிற வீடு. அந்த வீட்டு மூத்தவர் ஆதி குணசேகரன். மாரிமுத்து நடித்தார். நடித்தார் என்று சொல்வதே எனக்கு ஒப்பவில்லை. தேனிப் பக்கத்துக்காரர், அந்த மண்ணுப் பேச்சு அப்படியே வரும். 'ஏம்மா, ஏய்' என்று ஒரு இழுப்பு இழுப்பார் பார், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கே தூக்கிவாரிப்போடும். மற்ற சீரியல் வில்லன்கள் கத்துவார்கள், பின்னால் ஜிங் ஜிங் என்று சத்தம் வரும், எனக்குத் தலைவலி வரும். இவர் பாதி நேரம் புலம்பத்தான் செய்வார். 'நான் என்ன தப்புப் பண்ணேன்' என்கிற மாதிரி, ஊரே தனக்குத் துரோகம் பண்ணிவிட்ட மாதிரி. கொடுமைக்காரனுக்குத் தான் கொடுமைக்காரன் என்றே தெரியாது, அதுதான் விசேஷம். எங்கள் பெரிய மாமனார் அச்சு அசல் இப்படித்தான்.

அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு என்று ஒரு விவகாரம் ஓடியது. என் சொந்தச் சொத்து மாதிரி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு அதைக் கேட்டுக்கொண்டே ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன், முன்வளைவு முதுகுப் பக்கம் போய்விட்டது. அந்தப் பொண்ணு மறுநாள் போட்டுப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கினால் பிடிக்குது அக்கா என்று அழாத குறை. மறுவாரம் நிச்சயதார்த்தம். இரண்டு கையையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. குணசேகரனால் எனக்கு நஷ்டம் முன்னூற்று ஐம்பது ரூபாய்.

அந்த மனுஷன் 2023 செப்டம்பர் 8ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனார், அதோடு சரி. அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் அவர் நடித்த 'ஜெயிலர்' வந்திருந்தது. நடிகர்கள் போனால் ஊரெல்லாம் அவர்கள் முகத்தைப் போட்டு அஞ்சலி செலுத்துவார்கள். எனக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். குரலைப் பதிவு பண்ணும்போதே போனார் என்று கேட்டதும், என்னவோ அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திய மாதிரி இருந்தது. ராத்திரி டிவியைப் போட மனசில்லை. அப்புறம் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். குறை சொல்லமாட்டேன், மீசையும் ஆகிருதியும் மிரட்டுகிற மாதிரிதான். ஆனால் அவரைப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது, கேட்டால் போதவில்லை. 2024 ஜூனில் முடித்தார்கள், டிசம்பரில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போதும் ஓடுகிறது. என் மிஷினும் ஓடுகிறது.

சரி, சினிமாவுக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் ஒரு வாரம் முன்னே பின்னே இரண்டு படம் வந்தது. இரண்டையும் தியேட்டரில் பார்த்தேன், எனக்கு அது பெரிய காரியம்.

முதலில் 'லப்பர் பந்து'. கிரிக்கெட் படத்துக்கு நான் எதற்கு என்றேன், இவர்தான் இழுத்துக்கொண்டு போனார். இவருக்கு ஐம்பத்து நாலு வயசு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் இன்னும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார், வந்து தைலம் தேய்க்கச் சொல்கிறார். படத்தில் தினேஷும் அப்படித்தான், பேரே கெத்து. கல்யாண வயசில் மகளை வைத்துக்கொண்டு மைதானத்தில் சிக்ஸர் அடிக்கிற ஆள். அவர் பெண்டாட்டியாக ஸ்வாசிகா டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்து ஆட்டம் நடக்கிற மைதானத்தையே உழுதுபோட்டுவிட்டுப் போகிறாள். தியேட்டரில் நான் மட்டும்தான் எழுந்து நின்று கைதட்டினேன் என்று இவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். பொய், பக்கத்து வரிசை அம்மாவும் நின்றாள்.

கெத்து மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' பாட்டைப் போடுவார்கள். 'பொன்மனச் செல்வன்', 1989, நம் பள்ளிக்கூட நாள் பாட்டு. விஜயகாந்த் போய் ஒன்பது மாசம்கூட ஆகாத நேரம். விசில் அடித்துக்கொண்டிருந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இதெல்லாம் இருக்கட்டும், எனக்குப் பிடித்தது அந்த மாமியாரும் மருமகளும். கீதா கைலாசம்தான் மாமியார். மகன் பக்கம் நிற்காமல் மருமகள் பக்கம் நிற்கிற மாமியாரைச் சினிமாவில் கடைசியாக எப்போது பார்த்தாய்?

அடுத்தது 'மெய்யழகன்'. '96' எடுத்த பிரேம்குமார் படம். சொந்த வீட்டை இழந்து 1996இல் தஞ்சாவூரை விட்டுப் போன அரவிந்த்சாமி, தங்கச்சி முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக இத்தனை வருஷம் கழித்து வருகிறார். வந்த இடத்தில் 'அத்தான் அத்தான்' என்று கார்த்தி ஒட்டிக்கொள்கிறார். அரவிந்த்சாமிக்கோ அந்த ஆள் யார், பேர் என்ன என்று ஞாபகமே வரவில்லை, கேட்கவும் கூச்சம். இது யாருக்கு நடக்கவில்லை சொல்? போன மாசம் ஒரு வளைகாப்பில் ஒரு பொம்பளை என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு 'வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா' என்று அரை மணி நேரம் பேசினேன். இன்று வரை அவள் யார் என்று தெரியாது.

தியேட்டரில் மிஷின் இல்லையே, எப்படி அளந்தாய் என்று கேட்பாய். அங்கேயும் என் கால் தரையை மிதித்துக்கொண்டுதான் இருக்கும், முப்பது வருஷப் பழக்கம். அரவிந்த்சாமி மேடையேறித் தங்கச்சிக்கு வாங்கிவந்த நகைகளைப் போட்டுவிட்டு, கொலுசை மாட்டுவதற்கு அவள் காலடியில் குனிகிறார் பார், அங்கே நின்றது கால். அப்புறம் சைக்கிள் விஷயம் வெளியே வருகிற இடத்திலும் நின்றது. அது என்ன என்று சொல்லமாட்டேன், கண் சரியானதும் நீயே பார். நான் பார்த்தது முதல் வாரம். படம் நீளம், பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சொல்லப்போய், 18 நிமிஷத்துக்கு மேல் வெட்டிவிட்டார்களாம். தைத்து முடித்த துணியில் கத்திரி வைக்கிற மாதிரி வேலை. பிசிறு தெரியாமல் ஓரம் அடிக்கலாம்தான், ஆனால் இடுப்பு இறங்கிவிடும். ஆனால் ஒன்று, ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் எனக்கே கொஞ்சம் கொட்டாவி வந்தது. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்வேன்.

2025 மே மாசம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' எனக்கென்றே எடுத்த மாதிரி, காதால் பார்க்கவேண்டிய படம். இலங்கையிலிருந்து தப்பி வந்த குடும்பம், சசிகுமாரும் சிம்ரனும். வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும், அதனால் கேரளாக்காரர்கள் என்று சொல்லச் சொல்கிறார்கள். அந்தச் சின்னப் பையன் இருக்கிறானே, அவன் ஒருத்தனுக்காகவே இரண்டு தடவை போட்டேன்.

உன் கொலைக்கதைகளையும் முயற்சி பண்ணினேன், உன் மேல் ஆணை. 'சுழல்' முதல் சீசன் எட்டு எபிசோடும் பார்த்தேன். மயானக் கொள்ளைத் திருவிழாவைக் காட்டியது பிரமாதம், பார்த்திபன் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு எபிசோடிலும் இவன்தான் என்று ஒருத்தனைக் காட்டி, அடுத்ததில் இவனில்லை என்பார்கள். யார் செய்தது என்று நீ முதலிலேயே சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தைத்திருப்பேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

கொக்கி வைக்க ஒரு பொண்ணு வருகிறாள், காலேஜில் இரண்டாம் வருஷம். அவள்தான் போனில் 'அயலி' என்கிற வெப் சீரிஸைப் போட்டாள். முத்துக்குமார் எடுத்தது, 2023இல் வந்ததாம், எனக்கு இப்போதுதான் தெரியும். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம், வருஷம் 1990. வயசுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் அயலி அம்மனுக்கு ஆகாது என்று நிறுத்திவிடுவார்கள், உடனே கல்யாணம். தமிழ்ச்செல்வி என்று ஒரு பொண்ணு, டாக்டராகவேண்டும் என்று ஆசை. பெரிய மனுஷி ஆனதையே வெளியில் சொல்லாமல் மறைத்துவிடுகிறாள்.

ஒரு ப்ரின்சஸ் கட் ஜாக்கெட்டுக்குத் தோள் மூட்டிக்கொண்டிருந்தேன். நின்ற மிஷினை அன்று மறுபடி ஓட்டவே இல்லை.

1990இல் நாம் ஒன்பதாவது. எங்கள் வீட்டில் அம்மன் பேரையெல்லாம் யாரும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் பையை எடுத்தேன், அண்ணன் படிக்கிறான், உனக்குத் தையல் கிளாஸ் போதும் என்றார் அப்பா. நானும் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டேன். மறைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே செல்வி! தோன்றியிருந்தாலும் எங்கள் அம்மா கண்ணுக்குத் தப்பியிருக்குமா? அது வேறு.

நீ சாயங்காலம் யூனிஃபார்மோடு கொல்லை வழியாக வருவாய். பாடம் சொல்லித்தர வந்தேன் என்று எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு, பார்த்த படத்தின் கதையைச் சொல்வாய். எழுத்துப் போடுவதிலிருந்து ஆரம்பிப்பாய், சண்டைக்கு வாயாலேயே சத்தம் கொடுப்பாய், பாட்டு வந்தால் பாட்டும் உண்டு. நான் காஜா எடுத்துக்கொண்டே கேட்பேன். பிற்பாடு அந்தப் படங்களில் சிலவற்றை டிவியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாதிக் கதை நீயே சேர்த்தது. உன் கதைதான் நன்றாக இருந்தது.

அந்தக் காலேஜ் பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்து, 'அக்கா, நிஜமாவே இப்படில்லாம் இருந்துச்சா?' என்று கேட்டாள். ஊசியில் நூலைக் கோத்துக் கொடு என்று சொல்லிவிட்டேன். எனக்கும் இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

கருப்புக் கண்ணாடியைக் கழற்றாதே, கண்ணைக் கசக்காதே. தை மாசம் உன் மகளுக்கு நிச்சயம் வைத்திருப்பதாகச் சொன்னாள், பட்டு ஜாக்கெட்டை வெளியில் கொடுத்துவிடாதே, நான்தான் தைப்பேன். அளவு ஜாக்கெட் ஒன்று அனுப்பு. போன தடவை அனுப்பினாயே, அந்த மாதிரி பத்து வருஷத்துக்கு முந்தினது வேண்டாம், இப்போது போடுவது.

அன்புடன்,
மல்லிகா