பலன் இருக்கிறதா என்று பார்ப்பதும் சமூகப் பணிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வு என்றாலே அது பல்கலைக்கழகத்து வேலை, வருகிறவர்களைப் பார்க்கவே நேரம் போதவில்லை என்று மனநல, மருத்துவ சமூகப் பணியாளர்கள் பலர் சொல்கிறார்கள். நேரம் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் நாம் செய்வது பலன் தருகிறதா என்று பார்ப்பதும் அந்த வேலைக்குள்தானே வருகிறது? 1973-லேயே ஜோயல் ஃபிஷர் என்ற அமெரிக்க சமூகப் பணி ஆய்வாளர், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தனிநபர் சமூகப் பணி (ஒவ்வொருவராகச் சந்தித்து உதவும் முறை) பலன் தருவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிப் பெரிய விவாதத்தைக் கிளப்பினார்.

இதற்குப் பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். மனச்சோர்வோடு வருபவரிடம், சோர்வு எவ்வளவு என்று அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளைக் கொடுத்தால் 9 கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண் (கூடக் கூடச் சோர்வு அதிகம்), சில நிமிடத்தில் முடிந்துவிடும். தொடக்கத்தில் ஒருமுறை, அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர்ந்து எடுத்து வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தால் கோடு இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரியும். (கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது, அதற்கு வரும் பதிலை அன்றே பேசியாக வேண்டும்.) அந்தத் தாளை வந்தவரிடமே காட்டிப் பேசுங்கள். தூக்கம் பரவாயில்லை, ஆனால் எதிலும் ஈடுபாடு வரவில்லை என்று அவரே சொல்லும்போது அடுத்து எதைக் கவனிப்பது என்பது அங்கேயே முடிவாகிவிடும். ஒருவரின் வரைபடத்தை வைத்து நம் உதவிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சரி, ஆனால் முறையை மாற்ற வேண்டியிருப்பதாவது சீக்கிரம் தெரிந்துவிடும்.

நிர்வாகங்கள் இந்த மதிப்பெண்களை வைத்துப் பணியாளரை எடைபோடக் கூடாது. அப்படிச் செய்தால் மிகவும் மோசமான நிலையில் வருபவர்களை ஏற்கவே தயங்குவார்கள். பதிவுகளைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு சமூகப் பணியாளர்