சனிக்கிழமை மாலை மொட்டைமாடியில் நிலா

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பிள்ளைகளோடு நிலா பார்க்கிறோம். அன்று வளர்பிறை அரைநிலா. பள்ளங்களின் நிழல் தெரியப் பௌர்ணமியைவிட இதுதான் தோது.

1. முதலில் விளையாட்டு: கூடைப்பந்து பூமி, டென்னிஸ் பந்து நிலா. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு? பிள்ளைகளே வைத்துக் காட்டட்டும். 7 மீட்டருக்கு மேல் வரும், வீட்டில் சொல்லிவிடாதீர்கள். (என் மகள் ஒரு முழம்தான் விட்டாள்!)
2. அப்புறம் தட்டில் மாவைப் பரப்பி, கோலிக்குண்டு போட்டுப் பள்ளம் உண்டாக்குவோம். மாவு தெறிக்கும், பழைய சட்டை போதும்.
3. பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள். சூரியன் மறையும்வரை பிள்ளைகள் கையில் தர வேண்டாம்.
4. மேகம் மூடினால் ஞாயிறு, அதே நேரம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழனுக்குள் இங்கேயே எழுதுங்கள்.